கையில் இருந்த செம்பு

டனீடன்
22 பெப்ரவரி 2025

அபர்ணா,

உன் எண்ணை நான் போனில் தடுத்து வைத்திருப்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். அது அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் என் கை வேகமாகப் போய்விடும்; பிறகு திரும்ப எடுக்க முடியாத சொற்கள் வந்துவிடும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் என்னை மெதுவாக எழுத வைக்கும். அதனால்தான் இந்தப் பேனையும் தாளும்.

இது அம்மாவுக்காக எழுதுகிற கடிதம். எனக்காக இல்லை.

அம்மா உனக்குப் பலமுறை போன் அடித்திருக்கிறா. நீ எடுக்கவில்லை. உனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைக்கிறா. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குச் சுட்ட வடையில் உன் பங்கை ஃப்ரீசரில் வைத்திருக்கிறா. என்னிடம் ஒவ்வொரு நாளும், "அந்தப் பிள்ளை தனிய இருக்கிறது, நீ ஒருக்கா கேட்டுப் பார்" என்கிறா. நான் என்ன சொல்ல?

அப்பாவுக்குச் சோறு வைக்கப் போன அன்று மலையில் உன் மனேஜர் ஆங்கிலத்தில், "இவர்கள் உன்னோடு வந்தவர்களா?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. நீ "இல்லை, எனக்கு இவர்களைத் தெரியாது" என்று சொன்னதும் கேட்டது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. நீ வெள்ளைக்காரர்களோடு கதைத்து, அவர்களைச் சமாதானப்படுத்தி, எங்களை ஒரு பிரச்சினையில் இருந்து காப்பாற்றினாய் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஆக்லாந்தில் இருந்து விமானம் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

அம்மாவின் போனை எடு. லின்ஃபீல்டில் அம்மா வீட்டுக்குப் போ. அந்த வடையைச் சாப்பிடு. உண்மையை மட்டும் சொல்லாதே. அவ புருஷனை இழந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவவுக்கு நல்லதாக நினைக்க ஒருத்தி இருக்கிறாள் என்றால், அது நீயாகவே இருந்துவிட்டுப் போ.

அன்றைய தண்ணீர்ச் செம்பு உன்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டுபோய்க் கொடு.

பிரணவி


சான்ட்ரிங்ஹாம்
2 மார்ச் 2025

பிரணவி,

உறையின் மேல் என் பெயரையும் முகவரியையும் நீ எழுதியிருந்த விதத்தைப் பார்த்தேன். நாம் இரண்டு வருஷம் சேர்ந்திருந்த வீட்டின் முகவரி. அறிமுகமில்லாத யாருக்கோ எழுதுவதுபோல் எழுதியிருந்தாய். அது நியாயம்தான்.

நேற்று லின்ஃபீல்டுக்குப் போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்ததும், "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனீர்? காய்ச்சலோ?" என்றார்கள். ஆமா ஆன்ட்டி, காய்ச்சல் என்றேன். இப்படி அடுத்த பொய்யும் சேர்ந்தது. உட்கார வைத்து இடியப்பமும் சொதியும் போட்டார்கள். வடையைச் சூடாக்கித் தந்தார்கள். கோயிலில் இருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களிடம் என்னைக் காட்டி, "இதுதான் எங்கட அபர்ணா. அண்டைக்கு மலையில எங்களைக் காப்பாத்தின பிள்ளை" என்றார்கள். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வாயில் வடை இருந்தது. விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த நாளைத் திரும்ப எழுத வேண்டாம் என்பதுபோல நீ ஒதுக்கிவிட்டாய். எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. மனதுக்குள் இருக்கும்போது அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எனக்குச் சாதகமாக மாறுகிறது. தாளில் வைத்துவிட்டால் மாறாது.

அந்த இடத்தைச் சொன்னது நான்தான். ஆக்லாந்தில் காகமே இல்லை என்று ஆன்ட்டி கலங்கியபோது, "காகம் இல்லாத ஊரில செத்துப்போனார் மனுசன், சோத்தை ஆருக்கு வைக்கிறது?" என்று கேட்டபோது, நான்தான் அந்தக் குன்றைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக நடக்கப் போகிற இடம். மேலே பொதுவெளி, ஆடுகள் மேயும், யாரும் போகலாம். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே கோல்ஃபும் ஆடுகிறார்கள்; நடக்கிறவர்களும் ஆடுகிறவர்களும் ஆடுகளும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போவதுதான் அந்த இடத்தின் வழக்கம். மேக்பை பறவைகள் கூட்டமாகப் புல்லில் நடக்கும். கறுப்பும் வெள்ளையும். "பாதிக் காகம், ஆன்ட்டி" என்றேன். ஆன்ட்டி அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்கள் என்று நீயே சொன்னாய்.

குன்றின் உச்சி இந்த மண்ணின் மாவோரி மக்களுக்குப் புனிதமான இடம், அங்கே சாப்பாடு வைக்கக் கூடாது என்று பலகையில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். ஆன்ட்டி உடனே, "ஓம், ஓம், அவையளின்ர இடம், நாங்கள் கீழயே வைப்பம்" என்று இறங்கி வந்தார்கள். இரண்டு பக்கமும் கடல் தெரிகிற அந்தச் சமதளத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்கள். மற்ற இடமெல்லாம் ஆட்டுப் புழுக்கை. நடுவில் ஒரு வட்டம் மட்டும் பாய் விரித்ததுபோல் மட்டமாக வெட்டிய புல். அதன் நடுவே ஒரு கொடி. "பார் பிள்ளை, எவ்வளவு துப்புரவு! ஆரோ மெழுகிவிட்ட மாதிரி" என்று செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினார்கள். கொடியின் கீழே இலையை விரித்தார்கள்.

அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும், பிரணவி. பந்தைக் குழிக்குள் தள்ளுகிற இடம். யாரும் மிதிக்கவே தயங்குகிற புல். ஆபீசில் என் மேனேஜர் பிரசாத் சார் பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஒரு பெண்ணிடம் 'இது விளையாடுகிற இடம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஐந்து நிமிடம், யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன்.

மூன்று பேர் மேடேறி வந்தார்கள். அதில் ஒருவர் பிரசாத் சார். உலகத்தில் இத்தனை மைதானம் இருக்க.

மற்ற இருவரும் கம்பெனியின் பெரிய ஆட்கள். அதில் வயதானவர் இலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "அவசரமில்லை, மெதுவாக முடியுங்கள்" என்றார். இதை நீ கேட்டாயா என்று தெரியவில்லை. யாரும் எங்களை மிரட்டவில்லை. காப்பாற்ற ஒன்றுமே இல்லை. பிரசாத் சார் மட்டும் முகம் சிவந்து, அவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் என்னிடம் அதைக் கேட்டார். கோயம்புத்தூர்க்காரர். இலையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

நான் சொன்னது உனக்குத் தெரியும். அதோடு நிற்கவில்லை. 'நான் நடக்க வந்தேன், இவர்களுடைய மொழி எனக்குத் தெரியும், வேண்டுமானால் சொல்லிப் பார்க்கிறேன்' என்றேன். பிறகு ஆன்ட்டியிடம் திரும்பி, "எடுத்துடலாம் ஆன்ட்டி, இவங்க விளையாடணுமாம்" என்றேன். ஆன்ட்டி குனிந்து சோற்றை இலையோடு சுருட்டினார்கள். ஒரு பறவைகூட அதுவரை வந்திருக்கவில்லை.

'நடக்க வந்தேன்' என்று சொன்னதால் நான் நடக்க வேண்டியிருந்தது. மறுபக்கச் சரிவில் இறங்கி, சாலைக்கு வந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், கையில் செம்பு இருந்தது. விபூதிக் கோடு போட்ட செம்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்களைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எங்கே நின்றாய் என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நீ கல்மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்துகொண்டிருந்தாய். எதையோ எடுக்கக் காருக்குப் போயிருந்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று செம்பைக் கொடுத்தேன். ஆன்ட்டி வாங்கவில்லை. "வச்சிரும் பிள்ளை. அடுத்தமுறையும் நீர்தானே தண்ணி கொண்டுவரப்போறீர்" என்றார்கள்.

என்னால் இதைச் சுமக்க முடியாது. நான் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அபர்ணா


டனீடன்
14 மார்ச் 2025

அபர்ணா,

சொல்லக் கூடாது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வடிவாக எழுதியிருக்கிறாய். உனக்கு எப்போதும் வடிவாக எழுத வரும். ஆனால் 'என்னால் சுமக்க முடியாது' என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நீ இறக்கி வைக்கப் போகிற பாரம் அம்மாவின் மடியில்தானே விழும்? உனக்கு இரவில் நித்திரை வரவேண்டும் என்பதற்காக அவ ஏன் விழித்திருக்க வேண்டும்?

இங்கே ஆஸ்பத்திரி வோர்டில் நடக்கப் பழகுகிற நோயாளிகள் இருக்கிறார்கள். வலிக்கிற காலைத் தூக்கிவிட்டு நல்ல காலிலேயே நிற்கப் பார்ப்பார்கள். ஊன்றுங்கள், வலிக்கிற காலை ஊன்றுங்கள் என்று நான் நாள் முழுக்கச் சொல்கிறேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். போ, அம்மா தருவதைச் சாப்பிடு, அவ புகழ்வதைக் கேள். வலிக்கட்டும்.

ஒன்று மட்டும் உனக்காகச் சொல்கிறேன். உன் விசா அந்த வேலையோடு ஒட்டியிருக்கிறது, அது அந்த மனுசனின் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நீ நினைத்திருந்தால் அதை ஒரு காரணமாக எழுதியிருக்கலாம். ஒரு வரியும் எழுதவில்லை. அதை நான் கவனித்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பிரணவி


சான்ட்ரிங்ஹாம்
6 ஜூலை 2025

பிரணவி,

நாலு மாதம் நீ சொன்னபடி இருந்தேன். பெரும்பாலான சனிக்கிழமைகளில் லின்ஃபீல்டுக்குப் போனேன். ஆன்ட்டிக்குத் தெருமுனைக் கடையில் பால் வாங்கினேன், மருந்துக்கடைக்குப் போனேன், போனில் உன் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர்கள் தருவதைச் சாப்பிட்டேன். மலைக் கதை இப்போது வளர்ந்துவிட்டது. அதில் நான் அந்த மூன்று பேரையும் கையைக் காட்டி நிறுத்துகிறேன். நான் திருத்தவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு நான் பதில் எழுதவில்லை. அதற்குப் பல தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். காரணம் இதுதான்: விசாவை நான் எழுதாமல் விட்டது பெருந்தன்மையால் இல்லை. எனக்கு இங்கே நிரந்தரமாகத் தங்க ரெசிடென்ஸ் போன நவம்பரிலேயே கிடைத்துவிட்டது. நாம் மலைக்குப் போன அன்று எனக்கு யாருடைய தயவும் தேவையில்லை. அந்த வேலை போனால் வேறு வேலை. அவ்வளவுதான்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். நல்ல செய்திகளையும் நான் உடனே வெளியே சொல்வதில்லை, உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் எனக்குள்ளேயே வைத்திருப்பேன். பிறகு ஆன்ட்டி வீட்டில் திவச ஏற்பாடு, அழுகை; அந்த நேரத்தில் சொல்வது சரியாக இருக்காது என்று தள்ளிப்போட்டேன். மலைக்குப் பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று. சொன்னால் எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விடும். நானாக அந்தச் சாக்கைச் சொல்லவில்லைதான். நீயாகவே நினைத்துக்கொள்வாய் என்று விட்டிருக்கிறேன்.

அப்படியானால் ஏன் தெரியாது என்றேன்? பயமில்லை. வெட்கம். வெறும் காலோடு, சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, கோல்ஃப் கொடியின் கீழே சோறு வைக்கிற ஒருவரோடு நான் வந்திருக்கிறேன் என்பதை அந்த இருவரும் திங்கட்கிழமை ஆபீசில் நினைத்துப் பார்ப்பார்கள் என்ற வெட்கம். அவ்வளவு சின்னக் காரணம். இத்தனை புத்தகம் படித்து என்ன? தொப்பியைக் கழற்றிய அந்தக் கிழவருக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

பிரசாத் சார் போன வாரம் ஆபீஸ் கிச்சனில் என் பக்கத்தில் வந்து நின்றார். கோப்பையை மிஷினில் வைத்துக் காபி பிடித்தார். பிறகு தமிழில், "அன்னிக்கு அது திவசமா?" என்றார்.

"ஆமா சார்."

"எங்கப்பாவுக்கு நான் இங்க வந்ததுல இருந்து ஒண்ணுமே பண்ணலை" என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு, "உன் கையில செம்பைப் பார்த்தேன். இருந்தாலும் நீ அப்படிச் சொன்னது நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் சங்கடமில்லாம முடிஞ்சுது" என்றார். என் தோளில் தட்டப் போனவர் தட்டாமல் போய்விட்டார். அவரும் நானும் ஒரே கட்சி என்று நினைக்கிறார். நான் மறுக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம்: ஆடி அமாவாசை வருகிறது. அப்பாக்களுக்கான அமாவாசை என்று ஆன்ட்டி சொன்னார்கள். கோயிலில் கும்பிட்ட பிறகு, சோற்றை அதே மலையில்தான் வைக்க வேண்டுமாம். "அண்டைக்கு அரைகுறையாப் போட்டுது. நீர் வந்தால் எனக்குப் பயமில்லை" என்கிறார்கள்.

நீ வர முடியுமா? நீ பக்கத்தில் இருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். நீ இல்லாவிட்டால் தெரியாது.

அபர்ணா


டனீடன்
13 ஜூலை 2025

அபர்ணா,

வர முடியாது. ஆள் குறைவு, லீவு தர மாட்டார்கள். கேட்கவும் இல்லை.

நவம்பர். கிறிஸ்மஸுக்கு நான் வந்தபோது ஒரு கிழமை முழுக்க உன் அறையில்தான் படுத்திருந்தேன். உனக்கு ரெசிடென்ஸ் கிடைக்க வேண்டும் என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து வைத்திருந்தது உனக்குத் தெரியும். அந்தத் தேங்காய் இன்னும் உடைக்கப்படவில்லை.

இனி உன்னைத் தடுக்க மாட்டேன். சொல்வதென்றால் சொல். சொல்லாவிட்டால் விடு. எனக்குக் களைத்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். அன்று நான் எங்கே நின்றேன் என்று அம்மா கேட்டால், காருக்குப் போயிருந்தேன் என்று சொல். நீயும் அப்படித்தானே நினைத்தாய்.

பிரணவி


சான்ட்ரிங்ஹாம்
26 ஜூலை 2025

பிரணவி,

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நேரம் பார்த்து ஏறினோம். இந்த முறை கொடிப்பக்கம் போகவில்லை. நானே கல்மதிலோரமாக ஒரு இடம் காட்டினேன், புல் வளர்ந்த, யாரும் ஆடாத ஓரம். ஆன்ட்டி ஷூவைக் கழற்றிவிட்டு இலையை விரித்தார்கள். கத்தரிக்காய், பூசணிக்காய், பயறு, அங்கிளுக்குப் பிடித்த பாகற்காய். நான் செம்பில் இருந்து தண்ணீர் ஊற்றினேன். எழுந்து நிற்பதற்குள் கடற்பறவைகள் இரண்டு வந்து இறங்கின. மேக்பைகள் தூரத்தில் நின்று பார்த்தன. ஆன்ட்டி சிரித்துவிட்டார்கள்: "மரக்கறிச் சாப்பாடெண்டால் மனுசனுக்கு இறங்காது. அதுதான் மீன் தின்னுற பறவையா வந்திருக்கிறார்."

மதில்மேல் உட்கார்ந்தோம். கீழே யாரோ பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி நல்ல மனநிலையில் இருந்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஆன்ட்டி, அன்னிக்கு நான் உங்களைக் காப்பாத்தலை" என்றேன். "அவங்க கேட்டப்ப உங்களைத் தெரியாதுன்னு சொன்னேன்."

"ஓம், தெரியும்" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் விளங்காதெண்டு நினைச்சனீரோ? எத்தினை வருசம் வயசுபோனவையின்ர ஹோமில வேலை செய்தனான்? கதைக்கத்தான் கூச்சம். 'ஐ டோன்ட் நோ ஹர்' எண்டு சொன்னீர். கேட்டது. கெட்டித்தனம் எண்டு நினைச்சன்."

பிறகு ஒரு கதை சொன்னார்கள். நீ கேட்டிருக்கிறாயா, தெரியாது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஊரில் யுத்த காலத்தில் ஒரு பஸ் பயணம். ராணுவச் சென்றிச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்களாம். உன் அப்பாவைத் தனியே நிறுத்தி வைத்துவிட்டு ஆன்ட்டியிடம், இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார்களாம். "தெரியாது எண்டன். அவரும் என்னைத் தெரியாது எண்டார். அப்பிடித்தான் நாங்கள் முதலே கதைச்சு வச்சிருந்தது. ரெண்டு பேரும் பிடிபட்டால் பிள்ளையை ஆர் பாக்கிறது? இவள் பிரணவி கையை நீட்டி 'அப்பா' எண்டவள். நான் அவளின்ர வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில ஏறினனான்." அங்கிள் அடுத்த நாள் நடந்து வந்து சேர்ந்தாராம். அதைப் பற்றி இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பேசியதில்லையாம்.

"அதுதான் உம்மை நினைச்சுச் சந்தோசப்பட்டனான்" என்றார்கள். "உம்மட விசா அவன்ர கையில. நீரும் எங்களோட மாட்டுப்பட்டு என்ன பிரயோசனம்? தெரியாது எண்டு சொல்லிப்போட்டுத் தனியப் போனீர் பாரும், அதுதான் புத்தி. சொந்தப் பிள்ளையெண்டால்தான் அந்த நேரம் அப்பிடி யோசிக்கும்."

பிரணவி, மன்னிப்பு அங்கே தயாராக இருந்தது. மன்னிப்பைவிடப் பெரியது. நான் கேட்காமலே, நான் செய்த காரியத்துக்கு அவர்கள் தன் வாழ்க்கையிலேயே பெரிய காரியத்தின் பெயரை வைத்திருந்தார்கள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அங்கிளின் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதற்குத் தலையாட்ட என்னால் முடியவில்லை.

"எனக்கு அப்பவே ரெசிடென்ஸ் கிடைச்சிருந்தது ஆன்ட்டி. எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவங்க முன்னாடி வெட்கமா இருந்தது. அதான் சொன்னேன்."

ஆன்ட்டி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறவைகள் இலையைக் கிழித்துக்கொண்டிருந்தன.

"எப்ப கிடைச்சது?"

"நவம்பர்ல."

"நல்லது. சந்தோசம்." ஷூவை எட்டி எடுத்தபடி, "எங்களுக்குச் சொல்லேல்லை" என்றார்கள்.

அவ்வளவுதான் கேட்டார்கள். நான் அவர்களைத் தெரியாது என்றது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல செய்தியை மறைத்ததைத்தான் சொன்னார்கள். 

ஷூவைப் போட்டுக்கொண்டார்கள். நான் செம்பை எடுக்கப் போனேன். "விடும், நான் கொண்டுவாறன்" என்று வாங்கி, மிச்சத் தண்ணீரைப் புல்லில் ஊற்றி, துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது ஈரப் புல்லில் வழுக்கும் என்று கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார்கள். சமதரை வந்ததும் விட்டுவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில், கோயிலில் பூ கட்டுகிற சுந்தரமூர்த்தி ஐயா நின்றார். "அமாவாசைக்கோ போட்டு வாறியள்? இந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டார். நான் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வருகிற வார்த்தைகள் எனக்கு மனப்பாடம்: எங்கட அபர்ணா, மலையில எங்களைக் காப்பாத்தின பிள்ளை.

"தெரிஞ்ச பிள்ளை" என்றார்கள்.

பஸ் வந்தது. பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். சான்ட்ரிங்ஹாமில் நான் இறங்கும்போது, "குடை இருக்கோ? மழை வரும்" என்றார்கள். இருக்கு ஆன்ட்டி என்றேன். அது உண்மை.

நீ எங்கே நின்றாய் என்று அவர்கள் கேட்கவில்லை. அதனால் நீ சொல்லச் சொன்ன பொய்யை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அபர்ணா


டனீடன்
4 ஓகஸ்ட் 2025

அபர்ணா,

அம்மா நேற்று போன் அடித்தா. குளிரைப் பற்றிக் கதைத்தா. கதவில் காற்று வருகிறதாம். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன்: "அபர்ணா எல்லாம் சொன்னாளாமே?"

"ஓம். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னாள்" என்றா.

நான் உடனே உனக்கு எதிராகக் கதைக்கத் தொடங்கினேன். இவ்வளவு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என்றேன். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, என்றேன். அம்மா பொறுத்துக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா:

"அண்டைக்கு நீ எங்க நிண்டனீ எண்டு நான் கேக்கேல்லை, பிரணவி."

அவ்வளவுதான். பிறகு, "கறி அடுப்பில, வைக்கிறன்" என்று போனை வைத்துவிட்டா.

நான் காருக்குப் போகவில்லை. அந்த மூன்று பேரும் மேடேறி வருவதை உனக்கு முதலே கண்டது நான். அம்மா கொடிக்குக் கீழே குந்தியிருந்தா. எனக்கு இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது. கால் தானாகவே போயிற்று. கல்மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் குனிந்து, சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறவள்போல இருந்தேன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அங்கேயிருந்துதான் உன் குரலைக் கேட்டேன். உன்னிடம் ஒருவன் கேட்டான், அதனால் நீ சொன்னாய். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கக்கூடிய இடத்தில் நான் நிற்கவில்லை.

அன்றிலிருந்து உன்மேல் கோபமாக இருந்தேன். உன் கடிதங்களில் எங்கேயாவது நீ என்னைப் பிடித்துவிடுவாயோ என்று தேடித் தேடி வாசித்தேன். 'காருக்குப் போயிருந்தாய் என்று நினைத்துக்கொண்டேன்' என்று நீ எழுதிய இடத்தில் மூச்சு வந்தது. சொல்லாதே, சொல்லாதே என்று உன்னைத் தடுத்தது அம்மாவுக்காக என்றுதான் நானும் நம்பினேன். நீ வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்பதுதான் காரணம்.

அந்த பஸ் கதையை நான் கேட்டதில்லை. நீ எழுதித்தான் தெரியும். கையை நீட்டி அப்பாவைக் கூப்பிட்டேனாம். அந்த வயதில் எனக்கு அது தெரிந்திருக்கிறது.

லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். பதினாறாம் திகதி சனிக்கிழமை, மத்தியான விமானம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தத் தேங்காயையும் உடைக்க வேண்டும். அதை உன் கையால்தான் உடைக்க வேண்டும், நேர்ந்தது உனக்காக.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் அடிக்காதே, போனில் கதைக்க எனக்கு வராது. நேராக லின்ஃபீல்டுக்கு வா. வாசலில் எனக்காக நில். நான் பிறகு உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்; நீ அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

என் வீட்டுக்குள் தனியே போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிரணவி